ஏழு மலை கேட்கும் ஒலிபெருக்கி

மேகம் படுத்துறங்கும் மலை ஒன்றில் ஒரு ராஜா இருந்தார். அவரிடம் ஒரு வியாபாரி ஒலிபெருக்கி கொண்டுவந்தான்.

"இதில் பேசினால் ஏழு மலைக்கு அப்பாலும் கேட்கும், மகாராஜா! விலை, உங்கள் மலைத்தேன் அத்தனையும்."

ராஜா சொக்கிப்போனார். தேன் அவர் எடுத்ததா என்ன? தேனெடுக்கும் சடைச்சிதான் முகம் சுளித்தாள்.

"நம்பவில்லையா? பொழுது சாய்வதற்குள் பொய்யென்று காட்டு. இல்லையேல் தேன் அவனுக்கு" என்றார் ராஜா.

பனி மூடிய ஏழு மலையைத் தாண்டிப்போய்க் கேட்டுவர யாரால் முடியும்?

சடைச்சி வியாபாரியின் கொப்புளம் கண்ட பாதங்களைப் பார்த்தாள்.

"எந்த ஊருங்கய்யா?"

"ஏழாவது மலைக்கு அந்தப் பக்கம்."

"அடப் பாவமே! அங்கிருந்தே இதுல கூவி வித்திருக்கலாமே. எதுக்குங்க இம்புட்டு தூரம் சுமந்துட்டு நடந்தீங்க?"

வியாபாரி ஒலிபெருக்கியை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு திரும்பினான். பனிக்குள் எங்கோ ஓர் ஆட்டுக்குட்டி கத்தியது. அது எல்லோருக்கும் கேட்டது.