கூடை வாய்க்கு ஒரு வளையம்

"குருவே, எனக்குப் பிஷப் பதவி வேண்டாம். சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்!"

ஐம்பத்தைந்து வயது ஆல்டன் மூச்சு வாங்க இப்படிச் சொன்னபோது, குரு கெத்வின் தன் குடிசை வாசலில் விலாங்கு மீன் பிடிக்கிற நாணல் கூடையைப் பின்னிக்கொண்டிருந்தார். அப்படியொரு பனி. கூடை தெரிந்தது, இரண்டு கை தெரிந்தது. இங்கிலாந்தில் மிச்சம் எதுவுமே இல்லாத மாதிரி இருந்தது.

"ஏன் நம்பவில்லையாம்?"

"பிஷப் ஆகப்போகிறவன் இரண்டு தடவை 'வேண்டாம்' சொல்வது நம் வழக்கமாயிற்றே! நானும் சொன்னேன். 'அடடா, என்ன அடக்கம்!' என்று உருகிப்போகிறார்கள். நாளைக்கு மூன்றாம் தடவை கேட்பார்கள். விரலில் மோதிரத்தை மாட்டிவிடுவார்கள். அப்புறம் ஊருக்கெல்லாம் நான் 'ஆண்டகை'."

"அப்போதும் வேண்டாம் என்று சொல்லேன்."

"நம்புகிற மாதிரி எப்படிச் சொல்வது? அதைக் கேட்கத்தானே விடிந்ததிலிருந்து நடந்து வருகிறேன்!"

ஆல்டனுக்கு அழுகையே வந்துவிட்டது. பாவம், பொய்யழுகை இல்லை. பைபிள் சங்கீதங்களுக்கு உரை எழுதுகிறேன் என்று முப்பது வருஷமாக எபிரேய ஏடுகளோடு மல்லுக்கட்டிய மனுஷன். பிஷப் ஆனால் பேனாவைத் தொட நேரம் ஏது?

"உரை எவ்வளவு பாக்கி?"

"கடைசிச் சங்கீதம் ஒன்றுதான். ஆறே ஆறு வசனம்."

"எத்தனை நாளாக?"

ஆல்டன் பனியைப் பார்த்தார்.

"பதினோரு வருஷமாக."

"ம்."

எங்கேயோ தேவாலய மணி அடித்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி வந்தது. ஆல்டனுக்குக் கண் சொக்கியது. பனிக்குள் மெழுகுவத்திகள் வரிசையாக ஏறின. வெள்ளை வெள்ளையாக யார் யாரோ அவர் முன் முழங்காலிட்டார்கள். ஆல்டனுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. சுகமாகத்தான் இருந்தது.

குரு ஒரு பச்சை நாணலை வளைத்து முடிந்தார். சின்ன வளையம். இரண்டு விரலால் பிடித்து, வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்தார்.

ஆல்டன் வலக்கையை நீட்டினார். மோதிர விரல் மட்டும் தனியே நின்றது.

குரு வளையத்தைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து, மரியாதையாகக் குனிந்தார்.

"இது கூடை வாய்க்கு, ஆண்டகையே."