வைகாசியில் கார்த்திகை

கேட்போர் முதலில் அறிந்திருக்க வேண்டியவை.

கார்த்திகை என்பது ஒரு மாதத்தின் பெயர். ஆறு விண்மீன்கள் கொத்தாக நிற்கும் ஒரு கூட்டத்தின் பெயரும் அதுவே.

தெய்வசிகாமணி ஓர் அறிவியல் ஆசிரியர்; வயது ஐம்பத்து நான்கு. கார்த்திகை மாதத்து மாலை ஒன்றில், பள்ளியின் மொட்டை மாடியில் நின்று, அக்கூட்டத்தைப் பற்றி ஒரு பாடம் நடத்தினார். அது காணொளியாகப் பதிவு செய்யப்பட்டது. பள்ளி அதனை இணையத்தில் ஏற்றி வைத்து, கோடை விடுமுறையில், வைகாசி முதல் வாரத்தில், எட்டாம் வகுப்பு மாணவர் நாற்பதின்மருக்கும் திறந்துவிட்டது.

உலகம்மை ஊருக்கு வெளியே குன்றின் மேல் வாழ்பவர். ஆசிரியரைவிடப் பன்னிரண்டு ஆண்டு இளையவர். ஓர் ஐயம் எழுந்தால் ஆசிரியர் அவரிடம் செல்வார். பெரும்பாலும் இரண்டு ஐயங்களோடு திரும்புவார்.

இனி, நடந்தது.

"அம்மா, முப்பத்தொன்பது பேர் கற்றுக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் கற்கவில்லை. குறை பாடத்திலா, பிள்ளையிலா?" என்றார் ஆசிரியர்.

"முதலில் உட்காருங்கள்."

"உட்கார நேரமில்லை. காலையில் பட்டியல் அனுப்ப வேண்டும். இந்தப் பாடத்தில் தேறாதவருக்கு வானியல் முகாமில் இடமில்லை."

"யார் அந்தப் பிள்ளை?"

"இசக்கிச்செல்வி. ஆண்டு முழுவதும் அந்த முகாமைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவள். அதுதான் எனக்கு விளங்கவில்லை."

"என்ன கேள்வி கேட்டீர்கள்?"

"ஒரே கேள்வி. காணொளியில் நான், 'இப்போது கீழ்வானைப் பாருங்கள்' என்பேன். பிள்ளைகள் வெளியே சென்று பார்க்க வேண்டும். 'கார்த்திகை எவ்வாறு தெரிகிறது?' என்பதற்கு விடை எழுத வேண்டும்."

"மற்றவர்கள் எழுதினார்களா?"

"அழகாக எழுதினார்கள். ஆறு மீன், நெருக்கமான கொத்து, நீல ஒளி. ஒருவன் ஏழு என்று எழுதினான். கூர்மையான கண் என்று அவனுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிப் போட்டேன்."

உலகம்மை சிரித்தார். "அவன் பிழைத்துக்கொள்வான்."

"விளையாடாதீர்கள் அம்மா. அந்தப் பெண்ணின் தாய் தொலைபேசியில் பேசினார். மூன்று மாலை மாடியில் நின்று பார்த்தாளாம்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"நின்றிருந்தால் எழுதியிருப்பாளே என்றேன்."

"அம்மையார்?"

"வைத்துவிட்டார்."

உலகம்மை எழுந்தார். கிழக்கு நோக்கிய பாறைக்கு நடந்தார். ஆசிரியர் பின்தொடர்ந்தார். கதிரவன் மறைந்து சிறிது நேரம் ஆகியிருந்தது; கீழ்வானில் இருள் கட்டத் தொடங்கியிருந்தது.

"பாடம் உங்கள் கைப்பேசியில் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"போடுங்கள்."

ஆசிரியர் போட்டார். திரையில் இருந்த ஆசிரியர் கையை உயர்த்தி, 'இப்போது கீழ்வானைப் பாருங்கள்' என்றார்.

"சொல்கிறார் அல்லவா? பாருங்கள்" என்றார் உலகம்மை.

ஆசிரியர் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"தெரிகிறதா?"

"தெரிகிறது அம்மா. சற்று மங்கல்தான்."

"எத்தனை?"

ஆசிரியர் விரல் நீட்டி எண்ணினார். "ஆறு."

உலகம்மை வானைப் பார்க்கவில்லை; திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதில் கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றியிருக்கிறீர்களே."

"அன்று பனி."

"இன்று ஏன் சுற்றவில்லை?"

"நன்றாகக் கேட்டீர்கள். அக்கினி நட்சத்திரம் நடக்கிறது. பாறை இன்னும் சுடுகிறது, கம்பளி ஒன்றுதான் குறை."

"அது என்ன நட்சத்திரம்?"

"எது?"

"நடக்கிறது என்றீர்களே, அது."

"ஊர் முழுவதும் சொல்லும் பெயர்தானே அம்மா. கதிரவன் கார்த்திகை நட்சத்திரத்தில் நிற்கும் நாள்கள்..."

ஆசிரியர் நிறுத்திக்கொண்டார்.

"கதிரவன் எங்கே?" என்றார் உலகம்மை.

"மேற்கே. மறைந்துவிட்டது."

"தனியாகவா?"

ஆசிரியர் மேற்கே திரும்பினார். பிறகு கிழக்கே திரும்பினார். மறுபடியும் மேற்கே திரும்பினார்.

"நான் ஆறு எண்ணினேன் அம்மா."

"எண்ணினீர்கள். கேட்டேன்."

"எதை எண்ணினேன்?"

"அதை என்னிடம் கேட்டால்? விரல் உங்களுடையது."

ஆசிரியர் கைப்பேசியை அணைத்தார். அவர் முகத்தில் இருந்த வெளிச்சமும் அணைந்தது.

"அந்தப் பிள்ளை வெறுந்தாளா கொடுத்தாள்?" என்றார் உலகம்மை.

"ஒரு சொல் எழுதியிருந்தாள். அதை விடை என்று எடுத்துக்கொள்ள முடியாது."

"என்ன சொல்?"

"'தெரியவில்லை.'"

"அதற்கு?"

"சுழியம் போட்டேன். விடை தெரியாத பிள்ளைக்கு வேறென்ன போடுவது?"

"உங்கள் கேள்வியை இன்னொரு முறை சொல்லுங்கள்."

"கார்த்திகை எவ்வாறு தெரிகிறது?"

"எழுவாய் எது?"

"கார்த்திகை."

"அவள் விடையில்?"

பாறை சுடுகிறது என்று சொன்னவர், அதன் மேலேயே உட்கார்ந்தார்.

பின்னர் முடிவானவை.

இசக்கிச்செல்வியின் விடை சரியானது. முழு மதிப்பெண் இடப்பட்டது.

மறுநாள் காலை சென்ற பட்டியலில் அவள் பெயர் இருந்தது. முகாமுக்குச் சென்று திரும்பினாள்.

காணொளியில் 'இப்போது' என்னும் சொல் நீக்கப்பட்டு, அவ்விடத்தில் 'கார்த்திகை மாதத்து மாலையில்' என்பது சேர்க்கப்பட்டது.

ஆசிரியர் ஏனைய முப்பத்தொன்பது பேரையும் தனித்தனியே அழைத்துக் கேட்டார். எட்டுப் பேர், வெளியே செல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டனர். முப்பத்தொருவர், சென்றோம், கண்டோம் என்றே சொன்னார்கள். அவர்களுள், ஏழு கண்டவன் மட்டும் ஆறாகக் குறைத்துக்கொள்ள இசைந்தான்.

எண்மருக்கு மதிப்பெண் குறைக்கப்பட்டது.

முப்பத்தொருவருக்குக் குறைப்பதா, வேண்டாமா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. தாளைத் திருத்த வேண்டியவர், சிவப்பு மையை மூடி வைத்துவிட்டு, அவர்களுள் ஒவ்வொருவரிடமும், அது வானில் எந்தப் பக்கம் தெரிந்தது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.