இருவாட்சி வாசலை அடைத்த கோடை

மரமும் மிருகமும் மனிதரைப் போலவே பேசிக்கொண்டிருந்த அந்த நாளில், இருவாட்சிகள் மற்றப் பறவைகளைப் போல வெட்டவெளிக் கிளைகளில்தான் கூடு கட்டின. மேற்கு மலையில், ஆறு இறங்கும் பள்ளத்தாக்கில், மஞ்சாயி என்றொரு இருவாட்சி இருந்தாள். அவள் புருஷன் பெயர் கொண்டன்.

மஞ்சாயியின் சிறகுக்கு அந்த மலையில் ஈடு கிடையாது. அவள் பறந்தால் காற்று சுழன்றடிப்பது போலச் சத்தம் எழும். அடுத்த முகட்டில் மேய்கிற காட்டெருமைகூடத் தலை தூக்கிப் பார்க்கும். ஆனால் அவள் இட்ட முட்டை ஒன்றும் தங்கவில்லை. ஒரு வருஷம் புயல் கூட்டோடு அள்ளிக்கொண்டு போனது. அடுத்த வருஷம் மரநாய் வந்து குடித்துவிட்டுப் போனது. போன கோடையில் முட்டை பொரிந்து, குஞ்சு கண் திறக்கும் நேரத்தில் மலைப்பாம்பு ஏறி வந்தது. மஞ்சாயி பக்கத்துக் கிளையில் நின்று கத்தக் கத்த, அது நிதானமாக விழுங்கிவிட்டு, அந்தக் கூட்டிலேயே சுருண்டு வெயில் காய்ந்தது.

அதன் பிறகு அவளுக்குத் தூக்கம் இல்லை. இலை உதிர்ந்தால்கூடத் திடுக்கிட்டு எழுவாள். மறுபடியும் வயிற்றில் முட்டை கனத்தபோது சந்தோஷத்துக்குப் பதிலாகப் பயம்தான் வந்தது. ஒரு பகலில் அவள் தனியாகப் பறந்துபோய், மலையுச்சிப் பாறையில் இறங்கி, மலைச்சாமியிடம் தலை தாழ்த்தி நின்றாள். எனக்கு ஒரு குஞ்சையாவது தங்க வை, என்ன கேட்டாலும் தருகிறேன் என்று அழுதாள்.

சாமியின் குரல் இடியாக வரவில்லை. யாரோ காதோரம் நின்று பேசுவது போலத் தாழ்ந்து வந்தது.

"ஆத்தங்கரைக் கருங்குங்கிலிய மரத்துல ஒரு பொந்து இருக்கு. அதுக்குள்ள போ. வாசலை மண்ணால அடைச்சுக்கோ. அலகு நுழையற அளவு ஒரு கீறல் மட்டும் விடு. உன் சிறகைப் பிடுங்கி முட்டைக்கு மெத்தையாப் போடு. குஞ்சுக்கு இறகு முளைக்கிற வரைக்கும் அடைப்பை உடைக்காதே."

மஞ்சாயி தன் சிறகைத் திரும்பிப் பார்த்தாள். வானத்தில் திரிகிறவள் பொந்துக்குள் அடைவதா? சிறகையும் பிடுங்கிக்கொண்டு? சாமியைப் பார்த்துக் கேட்டாள்.

"அவர்தானே சாமி எனக்கு இரை கொண்டுவரணும்? அவர் வராமப் போயிட்டா?"

பொழுது சாயும் வரை நின்று பார்த்தாள். புல் அசைகிற சத்தம் மட்டுமே கேட்டது.

கொண்டன் இதைக் கேட்டதும் கொதித்துப் போனான். சாமி தாயின் சிறகைக் கேட்குமா, பாம்புதான் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சாமி மாதிரி பேசியிருக்கும் என்றான். உனக்கு நீயே குழி வெட்டிக்கொள்கிறாய் என்றும் சொன்னான். அந்தச் சந்தேகம் மஞ்சாயிக்கும்தான் இருந்தது. ஆனால் பாம்பின் குரலை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். அதில் அவசரம் இருக்கும். பாறையில் கேட்ட குரலில் அவசரமே இல்லை.

"நான் போறேன். நீங்க மண்ணு மட்டும் கொண்டுவந்து குடுங்க," என்றாள்.

கொண்டன் ஆற்றோரத்து ஈரமண்ணை அலகில் கொண்டுவந்து கொடுத்தான். அவள் உள்ளே நின்று, எச்சத்தையும் பழச்சதையையும் அதோடு பிசைந்து வாசலை அப்பினாள். ஒவ்வொரு அப்புக்கும் வெளிச்சம் குறைந்தது. ஆறு மறைந்தது, எதிர்க்கரை மறைந்தது. கடைசியில் அலகளவு வெளிச்சம்தான் மிஞ்சியது. வெளியே கொண்டன் என்னவோ சொன்னான். உள்ளே அது மண்ணுக்கடியில் கேட்பது போலிருந்தது.

முட்டை இட்டாள். அதற்குப் பிறகும் சிறகில் அலகு வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. இதைப் பிடுங்கிவிட்டால் தப்பிக்க வழியே இல்லை. முதல் இறகை உருவியபோது உயிர் போகிற வலி. இரண்டாவதற்கு முன் வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு நிறுத்தவில்லை. மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த கொண்டன், உள்ளிருந்து வந்த முனகலைக் கேட்டுத் தூரப் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஆனாலும் அவன் தவறாமல் அத்திப்பழம் கொண்டுவந்தான். கீறலில் அவன் அலகு தெரியும்போதெல்லாம் அவளுக்கு மூச்சு வரும். முட்டை பொரிந்தது. இறகே இல்லாத இளஞ்சிவப்புக் குஞ்சு ஒன்று அவள் வயிற்றடியில் கிடந்து வாயைத் திறந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் கொண்டன் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் மரப்பட்டையில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. நகத்தின் சத்தமில்லை. கனத்த ஒன்று இழுபட்டு ஏறுகிற சத்தம். மஞ்சாயிக்கு அது எதுவென்று தெரியும். குஞ்சை வயிற்றுக்கடியில் தள்ளி மூடிக்கொண்டாள். கீறலை ஏதோ மறைத்தது. உள்ளே முழு இருட்டு.

"மஞ்சாயி, உன்னைத் தின்ன வரலை தாயி," என்றது மலைப்பாம்பு. "சேதி சொல்லத்தான் வந்தேன். உன் புருஷனைக் கழுகு துரத்திட்டுப் போனதை என் கண்ணால பார்த்தேன். இனி அவன் வரமாட்டான். அடைப்பை உடைச்சிட்டுக் கீழ இறங்கிப்போ, பழம் உதிர்ந்து கிடக்கு. சீக்கிரம் போ, குஞ்சு செத்துடும்."

அது சொன்னதில் பாதி உண்மையாக இருக்கலாம் என்பதுதான் அவளைக் கொன்றது. குஞ்சு வேறு பசியில் கத்தத் தொடங்கியது. அவள் அலகு தானாகவே அடைப்பின் மேல் போய் நின்றது. ஒரே கொத்து. மண் கட்டி ஒன்று பெயர்ந்து வெளியே விழுந்தது.

அந்தச் சின்ன ஓட்டை வழியாகப் பாம்பின் நாக்கு உள்ளே வந்தது. பிளவுபட்ட நுனி இருட்டில் இப்படியும் அப்படியும் தேடியது. பின்னாலேயே மூக்கு ஓட்டையில் முட்டி, விளிம்பை இடித்து இடித்துப் பெரிதாக்கியது. அவள் கொத்திய இடத்தைச் சுற்றி மண் உதிர்ந்தது.

மஞ்சாயி அந்த மூக்கின் மேல் தன் பலமெல்லாம் சேர்த்துக் கொத்தினாள். அது சீறிப் பின்வாங்கியது. மறுபடி வரும். ஓட்டையை அடைக்க அவளிடம் மண் இல்லை. பொந்தின் மூலையில் ஒரே ஒரு அத்திப்பழம் கிடந்தது. கொண்டன் கடைசியாகக் கொண்டுவந்ததில், வேறு வழியே இல்லாத வேளைக்குக் குஞ்சுக்கென்று மீதம் வைத்திருந்தது. அவள் அதை எடுத்ததும், ஊட்டப் போகிறாள் என்று குஞ்சு கழுத்தை நீட்டி வாயைப் பிளந்தது.

அவள் குஞ்சின் முகத்தைப் பார்க்காமல் திரும்பினாள்.

"உடைக்காதேன்னு நீதான் சொன்னே. நான் உடைச்சேன். இப்போ அடைக்கிறேன். இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல சாமி," என்று சொல்லிக்கொண்டே பழத்தை நசுக்கி, கீழே கிடந்த தன் இறகுகளையும் எச்சத்தையும் சேர்த்துப் பிசைந்து ஓட்டையில் அப்பினாள். பாம்பு மீண்டும் முட்டியபோது அடைப்பு அசைந்தது. அவள் நெஞ்சை அதில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். அது முட்டிய ஒவ்வொரு முட்டும் அவள் எலும்பில் இறங்கியது. குஞ்சின் சத்தம் மெலிந்துகொண்டே வந்து நின்றுபோனது. தூங்குகிறதா, செத்துவிட்டதா என்று திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

வெயில் ஏற ஏறப் பழச்சதை பிசின் போல இறுகிக் கல்லானது. முட்டி முட்டிச் சலித்த பாம்பு, பட்டையில் உரசிக்கொண்டு கீழே இறங்கிப் போனது. அப்போதும் அவள் நெஞ்சை எடுக்கவில்லை.

நெடுநேரம் கழித்துக் கீறலில் ஒரு அலகு வந்தது. நுனியில் ஒரு பழம். மஞ்சாயி தொடவில்லை. யார் என்று கேட்டாள்.

"நான்தான்," என்றான் கொண்டன். குரல் அடையாளமே தெரியாமல் கம்மிப் போயிருந்தது.

கழுகு அவனைத் துரத்தியது உண்மைதான். அவன் தப்பிப் புதருக்குள் விழுந்துவிட்டான். ஆனால் கழுகு போகாமல் மேலேயே வட்டமிட்டது. இந்த மரத்துக்கு அவன் பறந்திருந்தால், அது பின்னாலேயே வந்து பொந்தைப் பார்த்திருக்கும். அதனால் அவனும் இரை எடுக்காமல், அசையாமல், கழுகு விலகிப் போகும் வரை அந்த முள்ளுக்குள்ளேயே கிடந்தான்.

"நீ உடைக்க மாட்டேன்னு நம்பித்தான் அங்கேயே கிடந்தேன்," என்றான்.

அவள் ஓட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பழத்தை வாங்கி, திரும்பி, குஞ்சின் அலகில் வைத்து அழுத்தினாள். முதலில் அது அசையவில்லை. பிறகு தொண்டை மெல்ல ஏறி இறங்கியது.

கோடை முடிந்து முதல் மழை விழுந்தபோது குஞ்சின் முதுகில் கறுப்பு இறகுகள் மூடியிருந்தன. மஞ்சாயியின் தோளிலும் புதுச் சிறகுகள் வளர்ந்திருந்தன. அப்போதுதான் அவள் அடைப்பை உடைத்தாள். வெளிச்சம் பட்டுக் கண் கூசியது. கிளையில் நிற்கக் கால் தடுமாறியது. தன் குஞ்சு தனக்கு முன்னால் எட்டிப்பார்ப்பதைக் கண்டு, அவள் அங்கேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள்.

அந்தக் கோடை தொட்டுத்தான் இருவாட்சிப் பெண், முட்டையிடும் காலம் வந்தால் மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலைத் தானே அடைத்து, தன் சிறகை உதிர்த்துவிட்டு இருட்டில் காத்திருக்கிறது. ஆண் இருவாட்சியும் வாயில் பழத்தோடு வந்தாலும் நேரே பொந்துக்குப் போவதில்லை. எதிர்மரத்தில் உட்கார்ந்து, வானத்தைப் பார்த்து, கீழே பார்த்து, மறுபடியும் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் கீறலுக்கு வருகிறது.