துண்டை எடுக்கச் சொன்ன தும்மல்காரன்

மிளகு வணிகர் மருதவாணர், தம் கிடங்கில் வேலை பார்த்த ஆதனைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவன் நோயில் படுத்திருந்தான். அவர் வேட்டியில் ஒட்டியிருந்த மிளகுத்தூசிக்கு ஒரு தும்மல் போட்டான். இருவரும் சிரித்தார்கள். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

மிளகு பாய்க்கப்பலில் ஏறிப் போன காலம் அது. துறைமுகத்தில் இருந்த மருதவாணர் கிடங்கில் எல்லார் மூக்கும் மிளகுக்குப் பழகி மரத்துப் போயிருந்தது. ஆதன் மூக்கு மட்டும் பழகவே இல்லை.

தராசு பிடிக்க நிறுத்தினார்கள், தும்மினான், தட்டு ஆடியது. மூட்டை தைக்க விட்டார்கள். தும்மினான், ஊசி விரலில் ஏறியது. வாசலில் வைத்தார்கள், அங்கேதான் வினை. பேரம் தொடங்கும்போது தும்மினால் அபசகுனம் அல்லவா? வந்தவர்கள் வந்த வழியே திரும்பினார்கள்.

"ஆதா, உன் மூக்கோடு என்னால் மல்லுக்கட்ட முடியாது. நாளையிலிருந்து வராதே" என்றார் மருதவாணர்.

"வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, ஐயா."

"அதற்கு நான் என்ன செய்ய?"

அப்போது மலைநாட்டு வியாபாரி ஒருவன் மூன்று வண்டி மிளகோடு வந்தான். முதல் வண்டியில் ஒரு மூட்டையைப் பிரித்தான். ஆதன் தும்மினான். இரண்டாம் வண்டியிலும் பிரித்தான். மறுபடி தும்மினான்.

"கிடங்கில் சேவல் வளர்க்கிறீர்களோ?" என்றான் வியாபாரி. மருதவாணருக்கு முகம் சுண்டிவிட்டது.

மூன்றாம் வண்டியில் பிரித்தான். சத்தமே இல்லை.

"அப்பாடா, அடங்கியது" என்று மருதவாணர் துண்டை விரித்தார். அதற்கடியில் விரல் பிடித்து விலை பேசுவது அவர்கள் வழக்கம்.

"ஐயா, துண்டை எடுங்கள்" என்றான் ஆதன்.

"மறுபடி வருகிறதா?"

"வரவில்லை. அதுதான் சங்கடம். மிளகு என்றால் என் மூக்கு விடாதே."

மருதவாணர் அந்த மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் போட்டார். மேலே பூசியிருந்த கரி கரைந்தது, உள்ளே இருந்த களிமண் உருண்டைகள் குழைந்தன. திரும்பிப் பார்த்தால் வியாபாரியைக் காணோம்.

"அப்படியானால் நாளைக்கு வரலாமா, ஐயா?"

"வராமல் இருந்து பார்."

அன்றுமுதல் மூட்டை பிரிக்கும் இடத்தில் ஆதனுக்கு ஒரு மணை போட்டார்கள்.

குறை என்று நாம் ஒதுக்குவதே, உரிய இடத்தில் வைத்தால், வேறு எவருக்கும் இல்லாத பலமாகும்.

ஆதன் போய்விட்டான், ஆனால் அந்தத் துறைமுகத்தில் இன்றும் யாராவது தும்மிய பிறகுதான் மிளகுக்குத் துண்டு விரிக்கிறார்கள்.