நாப்பதாவது பாத்திரம்

என்ன, கதைன்னதும் நிமிந்து உக்காந்துட்டீங்க? ராஜா "வெட்டுடா தலையை"ம்பாரு, நம்மாளு எதையாவது சொல்லித் தப்பிப்பான், அதானே? அட போங்கப்பா! இந்த ராஜா கத்தியே தூக்கினதில்ல. தூக்கினதெல்லாம் பீங்கான் தட்டு.

பேரு வீரசோமப்பர். அரண்மனையில ஒரு அறை முழுக்க இத்தாலிப் பீங்கான். சிசிலித் தட்டு, நேப்பிள்ஸ் ஜாடின்னு மொத்தம் நாப்பது. மியூசியமாம். எது எதுக்குன்னு ராஜாவுக்கே தெரியாது. ஆனா உள்ள போனவன் "ஆகா!" சொல்லாம வெளிய வர முடியாது.

திவான் ஒரு நாள் கொளுத்திப் போட்டாரு. "பிரபு, தூத்துக்குடியில யாவாரம் பண்ற இத்தாலி துரை நாளைக்குப் பாக்க வர்றாரு. தமிழும் படிப்பாரு. ஒவ்வொண்ணுக்கும் விவரம் எழுதி ஒட்ட வேணாமா? நம்ம விகடகவி சட்டநாதர்தான் பெரிய புத்திசாலியாச்சே!" விகடகவி வேலைய தன் மச்சானுக்கு வாங்கித் தரணும்னு திவானுக்கு ரொம்ப நாள் ஆசை.

"ஓய் சட்டநாதரே!"ன்னாரு ராஜா. "துரை கெளம்பறதுக்குள்ள நாப்பது சீட்டும் எழுதியாகணும். ஒண்ணு காலியா இருந்தாலும், ஒண்ணு பொய்யா இருந்தாலும் உம்ம வேலை போச்சு!"

சட்டநாதன் ஒரு எழுத்துகூட எழுதல. துரை வந்ததும் வெறும் சீட்டோட போயி கும்பிட்டான். "துரை, விருந்தாளி வாயால கேட்டு எழுதறதுதான் எங்க ஊர் மரியாதை."

துரைக்கு உச்சி குளுந்துபோச்சு. "இது கல்யாணத் தட்டு, இது மருந்துக்கடை ஜாடி..." அவரு சொல்லச் சொல்ல இவன் எழுத, முப்பத்தொம்பது முடிஞ்சுது.

நாப்பதாவது நடுவுல, பட்டு விரிச்ச மேடையில இருந்துச்சு. அகலமான வாய், ஒரே ஒரு பிடி, சுத்தி நீலப் பூ. துரை பாத்தாரு. இருமினாரு.

"நல்ல வேலைப்பாடு"ன்னு சொல்லிட்டு ஜன்னலைப் பாத்தாரு.

"எதுக்கு துரை இது?"

"அது... வீட்டுக்கு வீடு இருக்கும்."

"ஒண்ணு காலி, பிரபு!" திவான் துள்ளினாரு.

சட்டநாதன் துரைய விட்டுட்டான். துரைக்குப் பின்னாடி குடையோட நின்ன பட்லர் மிக்கேலு, துண்டால வாயைப் பொத்திக்கிட்டிருந்தான். தோள் ரெண்டும் குலுங்குது. சட்டநாதன் அவன் பக்கத்துல போயி நின்னு, சத்தமா சொல்லிச் சொல்லி எழுதினான்.

"இத்தாலியில... புது மாப்பிள்ளைக்கு... மாமியாரு... இதுலதான்... பாயசம்..."

மிக்கேலுக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. துரை ஒரு முறை முறைச்சாரு. அடங்கிட்டான்.

ராஜா சும்மா இருந்திருக்கலாம்ல?

"அதான பாத்தேன்! நானும் தினம் காலையில இதுலதானே பால் குடிக்கிறேன்!"

"ஐயையோ மகாராஜா!" மிக்கேலு அலறிட்டான். "எங்க துரை கட்டிலுக்கு அடியில இதோட அண்ணன் இருக்கு! தினம் காலையில மூத்திரத்தைக் கொட்டிட்டுக் கழுவி வைக்கிறவனே நான்தான்!"