சன்னல்ல தெரிஞ்ச பேரு

ஒரு ஊர்ல... நம்மூர் இல்ல கயலு, கடல் தாண்டி இங்கிலீஷ்காரக தேசத்துல, கரண்டெல்லாம் வராத காலத்துல, சிசிலின்னு ஒரு வேலைக்காரப் பொண்ணு இருந்தா. ம் கொட்டுடி, அப்பத்தான் சொல்லுவேன்.

"ம்..."

சின்னப் புள்ளையிலயே கொள்ளைநோயில ஆத்தா அப்பன் போயிட்டாக. அவளை லண்டன்ல ஒரு வீட்டுக்கும், அக்கா மார்ஜரியை வேற எங்கயோ ஒரு வீட்டுக்கும் வேலைக்கு அனுப்பிட்டாக. யாரு எங்கன்னே தெரியாமப் போச்சு. சிசிலி வெண்ணெய் கடையுறப்ப சளக் புளக், சளக் புளக்னு அந்தச் சத்தத்துக்கே பாட்டுக் கட்டுவா. அக்காளும் தங்கச்சியும் ஒரே போர்வைக்குள்ள படுத்துக் கிடந்ததுதான் பாட்டு.

அப்புறம், இதை அச்சடிச்சு ஊர் ஊரா வித்தா, பேரைப் பாத்து அக்கா தேடி வருவாளேன்னு நினைச்சா.

"அவளே கையால எழுதி விக்க வேண்டியதுதானே அப்பத்தா?"

அங்க அப்பல்லாம் பொம்பளப் புள்ளைகளுக்கு வாசிக்க மட்டும்தான் சொல்லிக் குடுப்பாகளாம், எழுதக் கிடையாதாம். நல்ல நியாயம் போ!

அச்சாபீசுக்குப் போனா. மொத ஆளு, "பொம்பள பாட்டா? போ போ"ன்னு கதவைப் படார்னு சாத்திட்டான். ரெண்டாவது ஆளு, "ஆம்பள பேர்ல போடவா?"ன்னான். அப்போ அக்காவுக்கு எப்படித் தெரியும்? வேண்டாம்னுட்டா. மூணாவது ஆளு அவளைப் பாடச் சொல்லி எழுதிக்கிட்டு, "பேரு மட்டும் போட மாட்டேன்"ன்னான்.

பாட்டுக்கு மேல படம் அச்சடிக்க, மரமும் புல்லுமா ஒரு கட்டை செதுக்கி வச்சிருந்தான். அவன் திரும்புன நேரம் பாத்து, இடுப்புக் கத்தியை எடுத்துச் சரக் சரக்குனு புல்லுக்கு நடுவுல தன் பேரைச் செதுக்கிட்டா. வாசிச்ச எழுத்துதானே, அப்படியே இழுத்துட்டா!

அச்சாகி வந்தா, ஐயோ, பேரு இடவலம் மாறிக் கெடக்கு! கட்டையில நேரா வெட்டுனா தாள்ல திரும்பித்தானே விழும்? பாவி மகளுக்கு அது தெரியல. அச்சுக்காரன் அதையும் புல்லுன்னே நினைச்சு விட்டுட்டான். சிசிலி தேம்பித் தேம்பி அழுதா. தூங்கிட்டியா?

"ம்ஹூம்..."

அப்புறம் தூரத்து ஊர்ல, தாள் விக்கிறவன் பாட, மார்ஜரி அந்தப் பாட்டைக் கேட்டா. தங்கச்சி நினைப்பு வந்து ஒரு தாள் வாங்குனா. யாரு எழுதுனதுன்னு பேரு இல்ல. அவ வீட்டுச் சன்னல் கண்ணாடி உடைஞ்சு ஊதக்காத்து விர்ர்னு அடிக்கும். தெருவுல போறவுகளும் படிக்கட்டும்னு, படம் வெளிய தெரியுற மாதிரி தாளை அதுல ஒட்டிட்டா.

மறுநா வெயில் பளிச்சுனு அடிச்சுது. உள்ள இருந்து தாளோட முதுகுப் பக்கமாப் பாத்தா, புல்லுக்கு நடுவுல நேர் எழுத்துல சிசிலி! கையில இருந்த கஞ்சிச் சட்டி டமார்!

தாளுக்கு அடியில அச்சாபீஸ் விலாசம் இருந்துச்சு. அங்க விசாரிச்சு, சிசிலி வேலை பாக்குற வீட்டுக்கே ஓடியாந்துட்டா. டொக் டொக்குனு கதவைத் தட்டுனா. சளக் புளக் நின்னுருச்சு. அன்னைக்கு அந்த வீட்டுல யாருக்கும் வெண்ணெய் இல்ல.

எனக்கும் ஒரு அக்கா இருக்கால்ல, காரைக்குடியில. ஒரே போர்வைக்கு இழுத்துப் பிடிச்சு அடிச்சுக்கிட்டவதான். காலையில அவளுக்கு ஒரு போன் போட்டுக் குடுடி, மனசு தேடுது. கதை கூட்டுக்குப் போயிருச்சு, நீயும் கண்ணை மூடு.