எட்டாவது கோடு

"இருபத்திரண்டு வருஷமா போஸ்டர் வரையறேன். என் கையில என்ன குறை, சொல்லுங்க மேடம்."

ஓவிய ஆசிரியர் அருமைநாயகம் மைதானத்தில் நின்று இப்படிக் கேட்டார். கேட்கப்பட்டவர் விளையாட்டு ஆசிரியை செண்பகவல்லி. சாருக்கு ஐம்பத்துநான்கு வயது. மேடத்துக்கு முப்பதுகூட ஆகவில்லை. வயதில் சின்னவரிடம் போய் நிற்பதா என்று சாருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

ஆனால் தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். போன வருஷம் விளையாட்டு விழாவுக்குப் போட்டது இருநூறு நாற்காலி, வந்த பெற்றோர் பதினோரு பேர். இந்த வருஷமும் அதே கதை என்றால் இனி விழாவே கிடையாது, அன்றைக்கும் ஸ்பெஷல் கிளாஸ்தான். போஸ்டரைப் பி.டி. மேடம் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும்.

மேடம் பேசுகிற ரகம் இல்லை. வாயில் எப்போதும் விசில். சாப்பிடுவதற்குத்தான் அதை வெளியே எடுப்பார் என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள். நீளமாக ஒரு விசில் என்றால் ஓடு. குட்டியாக இரண்டு விசில் என்றால் தப்பாகக் கிளம்பிவிட்டாய், கோட்டுக்குத் திரும்பு. அவருடைய பாஷை அவ்வளவுதான்.

ஊர் மலைமேல் இருந்தது. சுற்றிலும் தேயிலை. தோட்டத்து ஜனங்களுக்கு ஏழு வரிசை வீடுகள், லயம் என்பார்கள். வாத்தியார்களுக்கு ஒரு வரிசை. வருஷத்தில் பாதி நாள் மூடுபனி இறங்கிவிடும். எதிரில் நிற்பது ஆளா மரமா என்று குரல் கேட்டால்தான் தெரியும்.

அருமைநாயகம் முதல் போஸ்டரை விரித்தார். ஒரு பையன் ரிப்பனை நெஞ்சால் அறுத்துக்கொண்டு வருகிறான். பின்னால் சூரியன் உதிக்கிறது. கெண்டைக்கால் சதைகூட அச்சு அசல்.

மேடம் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உள்ளங்கையை விரித்து அந்தப் பையனை மூடினார்.

தாளில் சூரியன் மட்டும் இருந்தது.

இரண்டு குட்டி விசில்.

சார் முகம் சிவந்துபோய்த் திரும்பினார். இதெல்லாம் நமக்கு வந்து வாய்க்கிறதே என்று வழியெல்லாம் புலம்பினார்.

அடுத்த வாரம் இரண்டாவது போஸ்டர். ஒரு ஆள் போதவில்லை என்றுதானே மூடினாள், இந்தா பார் என்று இருக்கிற இடமெல்லாம் நிரப்பியிருந்தார். சாக்கு ஓட்டம், எலுமிச்சங்காய் கரண்டி, கயிறு இழுக்கிறவர்கள், பறக்கிற புறா. நடுவில் தங்கக் கலரில் ஒரு பெரிய கப்பு.

மேடம் விசில் ஊதவில்லை. இலை எடை போடும் கொட்டகையைக் கண்ணால் காட்டினார். அங்கே போய் ஒட்டு என்று அர்த்தம்.

ஜெயித்துவிட்டோம் என்று சாருக்கு ஒரே குஷி. ஒட்டிவிட்டுப் பனிக்குள் ஒதுங்கி நின்றார்.

கூடைகளோடு பெண்கள் வந்தார்கள். ஆறாம் வகுப்பு முத்துராணியின் அம்மா போஸ்டர் முன்னால் நின்றாள். சார் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"கப்பு எத்தாம் பெருசு பாரு. எந்த வீட்டுக்குப் போகப் போகுதோ."

சொல்லிவிட்டுக் கூடையை இறக்கப் போய்விட்டாள். மற்றவர்கள் நிற்கக்கூட இல்லை.

சார் மைதானத்துக்குத் திரும்பி வந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். இரண்டு குட்டி விசில் வந்தது. இந்தத் தடவை மெதுவாக.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் கொண்டுவந்தது வெறும் வெள்ளைத் தாள்.

"ஒண்ணும் தோணலை மேடம். வரைஞ்சதெல்லாம் பொய்யா இருக்கு."

மேடம் முதல் தடவையாக வாயிலிருந்து விசிலை எடுத்தார்.

"உங்க வீட்டிலிருந்து யாரு வருவாங்க சார்?"

சார் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"எங்களுக்குப் பிள்ளை இல்லை. புஷ்பம் வந்து யாரைப் பார்ப்பா?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கூப்பிட்டதில்லை. மனைவி கனகபுஷ்பமும் கேட்டதில்லை. விழா அன்றைக்கு மைக் சத்தம் வீடுவரை வரும். காலையிலேயே எழுந்து அவள் ஜன்னலைச் சாத்திவிடுவாள். சத்தம் ஆகாது போல என்று இவர் நினைத்துக்கொள்வார்.

மேடம் விசிலை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். தாளை வாங்கி நாலாக மடித்துச் சார் கையிலேயே கொடுத்தார். பிறகு வானத்தைக் காட்டினார். விடியும்போது வா.

விடிந்தபோது மைதானமே இல்லை. பால் கொட்டியது போலப் பனி. அதற்குள் மேடம் நின்றிருந்தார், கையில் பழைய பெயிண்ட் டப்பா. அடியில் ஆணியால் போட்ட துளைகள், உள்ளே சுண்ணாம்புத் தூள். ஓடுதளத்துக்கு எட்டுக் கோடும் நேற்றே போட்டாகிவிட்டது. இனி என்ன இருக்கிறது என்று சாருக்குப் புரியவில்லை.

மேடம் முதல் கோடு ஆரம்பிக்கிற இடத்துக்குப் போனார். டப்பாவைத் தட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்தார். கோடு நீண்டது.

"மேடம், மைதானம் முடிஞ்சுது."

கோடு கேட்டைத் தாண்டியது.

"மேடம், ரோடு."

கோடு ரோட்டைத் தாண்டியது. படி ஏறியது. முதல் லயத்துக்குள் நுழைந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு சின்னக் கிளை பிரிந்து, வாசற்படியைத் தொட்டு நின்றது.

சார் அங்கேயே நின்றுவிட்டார். மடித்த தாள் கையிலிருந்து விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

இரண்டாவது கோடு போடும்போது டப்பா அவர் கையில் இருந்தது. யார் கொடுத்தார்கள், இவரே பிடுங்கினாரா, அதெல்லாம் ஞாபகம் இல்லை. பனியும் வெள்ளை, கோடும் வெள்ளை. கோடு தன்பாட்டுக்கு முன்னால் போகிறது, நாம்தான் பின்னால் போகிறோம் என்று இருந்தது அவருக்கு. அவ்வளவு சந்தோஷமாக அவர் எதையும் வரைந்ததில்லை.

மூன்றாவது லயத்தில் ஒரு கதவு திறந்தது. முத்துராணியின் அம்மா. தூக்கக் கலக்கத்தில் வாசலைப் பார்த்தாள். கோடு போகிற வழியே கண்ணை ஓட்டினாள். பத்தடிக்கு மேல் பனி.

"இது எங்கேருந்து வருது சார்?"

"இங்கேருந்துதான் கிளம்புது."

அவள் அவரைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"முத்துராணி, எந்திரிடி. நம்ம வாசல்லருந்தாம்."

ஏழாவது லயம் முடியும்போது பனிக்குள் நடமாட்டம் கேட்டது. செருப்புச் சத்தம், இருமல், கைக்குழந்தையின் அழுகை. முகம் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் கீழே மைதானத்தைப் பார்த்துத்தான் போய்க்கொண்டிருந்தன.

எட்டாவது வரிசை வாத்தியார் குடியிருப்பு. மற்ற வாத்தியார்கள் அடிவாரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். அங்கே வீடுகள் பூட்டிக் கிடந்தன. விளக்கு எரிவது அருமைநாயகம் வீட்டில் மட்டும்.

"அங்கே ஓடுற புள்ளை யாரும் இல்லை மேடம்."

மேடம் மிச்சமிருந்த தூளை டப்பாவில் கொட்டினார். கொட்டிவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

சார் தனியாகப் போனார். ஸ்கேல் இல்லாமல் நேர்கோடு இழுக்கிற கை. அன்றைக்குக் கோணலாகப் போயிற்று. கோடு அவர் வீட்டு வாசற்படியைத் தொட்டபோது, கனகபுஷ்பம் ஜன்னலைச் சாத்த வந்திருந்தாள்.

கதவைத் திறந்து வெளியே வந்து பார்த்தாள்.

"என்னங்க இது?"

"நம்ம வீட்டுக் கோடு. நீ வரணும் புஷ்பம்."

"நான் வந்து யாரைப் பாக்கணும்?"

அவள் கோபப்படாமல் கேட்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. சுண்ணாம்பு அப்பிய கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாத்தியார் ஓட்டம்னு ஒண்ணு இருக்கு. நான் ஓடுறேன்."

"நீங்களா?"

"கடைசியாத்தான் வருவேன்."

 கனகபுஷ்பம் கதவுக்குப் பின்னால் செருப்பைத் தேடினாள்.

பனிக்குள் எங்கிருந்தோ விசில் கேட்டது. நீளமாக, ஒரே ஒரு தடவை.